சுவரே உத்திரமான கதை: தொடக்ககால எஃகு நிலக்கரிப் பெட்டிகள்



தொடர்வண்டியின் சரக்குப் பெட்டிகளை முதலில் மரத்தால் செய்தார்கள், பின்னர் எஃகால் செய்தார்கள். ஏன் மாற்றினார்கள் என்று மாணவர்களைக் கேட்டால், "எஃகு மரத்தைவிட வலிமையானது" என்ற விடை உடனே வரும். தேர்விலும் அதற்கு முழுப் புள்ளி கிடைத்துவிடும். பிழையான விடையன்று, ஆனால் பாதி விடை. எஃகு மரத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் எடை மிக்கது. மரப்பெட்டியின் ஒவ்வொரு கட்டையையும் அதே பருமனுள்ள எஃகுக் கட்டையாக மாற்றிவிட்டால், இயந்திரம் பெட்டியை மட்டும் இழுத்துக் களைத்துப் போகும். சரக்கு ஏற்ற இடமே இராது. அப்படியிருக்க, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் தோன்றிய எஃகு நிலக்கரிப் பெட்டி, ஏறத்தாழ 17 டன் எடையோடு 50 டன் கரியைச் சுமந்தது எப்படி? (அமெரிக்க டன் என்பது 2000 பவுண்டு; நம் கணக்கில் சுமார் 907 கிலோ.)

விடை, பொருளில் பாதியும் வடிவத்தில் பாதியுமாக இருக்கிறது. இந்த இரண்டாம் பாதியைத்தான் நாம் வகுப்பில் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். அதை எழுதவே இக்கட்டுரை. சற்று நீளமானது, பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

முதலில் பெட்டியைப் பற்றி. அரிசி ஆலையில் நெல்லைக் கொட்டும் அகன்ற புனல்வாயைப் பெற்றோர் சிலர் பார்த்திருக்கலாம். மேலே அகலம், கீழே ஒடுக்கம். அதே அமைப்பைச் சக்கரங்களின்மேல் ஏற்றியதே ஆங்கிலத்தில் 'ஹாப்பர்' எனப்படும் கரிப்பெட்டி. இரு முனைகளிலிருந்தும் தரை சரிவாக இறங்கும். நடுவில் அடிக்கதவுகள் இருக்கும். உயரமான பாலத்தின்மேல் பெட்டியை நிறுத்திக் கதவுகளைத் திறந்தால் கரி தானே கீழே கொட்டிவிடும். மண்வாரியால் அள்ளிக் கொட்டும் வேலை பெரும்பாலும் மிச்சம்.

மரத்தால் இதைச் செய்தபோது ஒரு தொல்லை இருந்தது. பெட்டியின் அடியில் முனையிலிருந்து முனைவரை நீண்ட உத்திரங்கள் ஓடின. அவற்றை இரு முனைகளையும் ஒட்டி, சக்கரத் தொகுதிகள் தாங்கின. நடுப்பகுதி அந்தரத்தில் நின்றது. சுமையேறியதும் உத்திரங்கள் நடுவில் தொய்ந்தன. அதைத் தடுக்க, உத்திரங்களுக்குக் கீழே இரும்புக் கம்பிகளை வில்லின் நாணைப் போல இழுத்துக் கட்டினார்கள். கம்பியின் நடுவே ஒரு திருகு முடுக்கி இருக்கும். பெட்டி தொய்யும்போதெல்லாம் பணிமனைத் தொழிலாளி அதை முடுக்கி நிமிர்த்துவார். மரம் காய்ந்து சுருங்கும், நனைந்து உப்பும், போல்ட்டுகள் தளரும். ஆகவே அது முடிவே இல்லாத வேலை. இவ்வமைப்பில் பெட்டியின் பக்கச் சுவர்கள் கரி சிந்தாமல் தடுக்கும் வேலியாக மட்டுமே இருந்தன. சுமையைத் தூக்கும் வேலை முழுவதும் அடியிலிருந்த உத்திரத்துக்கும் கம்பிக்கும்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மரம் ஒன்றே வழி என்று எல்லாரும் இருந்துவிடவில்லை. பால்டிமோர் நகரத்துப் பொறியாளர் ராஸ் வினான்ஸ் 1840-களிலேயே இரும்புத் தகட்டால் கரிப்பெட்டி செய்தார். அதன் உடல் சதுரமாக இராது. அடியில் ஒடுங்கிய வட்டக் கூம்பு. 1847-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஏன் வட்டம்? உள்ளே கொட்டிய கரி எல்லாத் திசையிலும் சுவரை வெளியே தள்ளுகிறது. தட்டையான சுவராக இருந்தால் அது நடுவில் புடைக்கும். புடைக்காமல் இருக்க முட்டுக்கட்டைகள் வேண்டும். வட்டச் சுவரில் அத்தள்ளுதல் சுற்றிலும் சமமாக விழுவதால், தகடு வளைவதில்லை, இழுபடுகிறது, அவ்வளவே. இரும்பு இழுப்பைத் தாங்குவதில் வல்லது. ஆகவே மெல்லிய தகடே போதும். வடிவத்தால் எடையைக் குறைக்கும் அருமையான கருத்து!

பின்னர் டென்மீட் என்ற பெயருடைய பட்டறைக்காரர்கள் அதையே வட்டமாக இல்லாமல் எண்கோணமாகச் செய்து, "இது வேறு வடிவம்" என்றார்கள். வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை சென்றது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வினான்ஸ் பக்கம் தீர்ப்பானது. வடிவத்தின் பெயரை மாற்றி அதே பயனை அதே வழியில் அடைவது மீறலே என்பது பெரும்பான்மையோர் கருத்து. காப்புரிமைச் சட்டம் பயில்வோர் இன்றும் படிக்கும் வழக்கு அது. ஒரு கரிப்பெட்டியால் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. பால்டிமோர்–ஒஹாயோ இரயில்பாதை இத்தகைய இரும்புப் பானைகளை வரிசையாகப் பொருத்திய பெட்டிகளைப் பல ஆண்டுகள் ஓட்டியது. பால்டிமோர் தொடர்வண்டி அருங்காட்சியகத்தில் அவ்வகைப் பெட்டி பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் பானைகளை அடுக்கினால் இடைவெளி வீணாகும். அடுக்களையில் டப்பாக்களை அடுக்கியவர்களுக்கு இது தெரியும். பெட்டி பெரிதாக வேண்டுமென்றால் தட்டைச் சுவருக்கே திரும்பியாக வேண்டும். அதற்கு மலிவான எஃகுத் தகடு வர வேண்டியிருந்தது.

அது வந்த காலத்தில் வேறொரு நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. பெட்டிகளைக் கையால் கோக்கும்போது கை நசுங்கியும் உயிர் போயும் தொழிலாளர்கள் பட்ட துயரம் கணக்கற்றது. 1893-இல் அமெரிக்க அரசு தானியங்கி இணைப்பிகளையும், ஓட்டுநரே வண்டி முழுதையும் நிறுத்தக்கூடிய தடைகளையும் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. 1900-இல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. உயிர்களைக் காத்த சட்டம். அதோடு நீண்ட கனத்த வண்டிகளை ஓட்டவும் அது வழி திறந்தது. நீண்ட வண்டியில் முன்பெட்டிகளை இழுக்கும் விசையும், நிறுத்தும்போது பெட்டிகள் ஒன்றையொன்று இடிக்கும் விசையும் பெருகின. மர உத்திரங்கள் பிளந்தன. எஃகுப் பெட்டிகளுக்கு நடுவே சிக்கிய மரப்பெட்டியின் நிலை சொல்லவே வேண்டாம்.

ஆண்ட்ரூ கார்னகி தம் எஃகு ஆலைகளுக்காக பிட்ஸ்பர்க்கிலிருந்து ஏரி ஈரிக் கரையிலுள்ள கானியாட் துறைமுகம் வரை ஒரு பாதையைப் புதுப்பித்து அமைத்தார். பிட்ஸ்பர்க், பெசமர், ஏரி ஈரி இரயில்பாதை என்று அதற்குப் பெயர். துறைமுகத்திலிருந்து இரும்புத்தாது வரும். திரும்பும்போது கரி போகும். 1896-இல் கார்னகியின் கீஸ்டோன் பாலப் பட்டறை இரண்டு எஃகு ஹாப்பர் பெட்டிகளைச் சோதனையாகச் செய்து, சரடோகாவில் கூடிய பெட்டிக் கட்டுநர் மாநாட்டில் காட்சிக்கு வைத்தது. பாலம் கட்டுபவர்கள் பெட்டி கட்டினார்கள் என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். மறு ஆண்டே, 1897-இல், அந்த இரயில்பாதை சார்ல்ஸ் ஷோயன் என்பவரின் நிறுவனத்திடம் 600 எஃகுப் பெட்டிகளுக்கு ஆணை கொடுத்தது. ஷோயன் அதுவரை மரப்பெட்டிகளுக்கான சிற்சில உறுப்புகளை எஃகுத் தகட்டிலிருந்து அழுத்தி உருவாக்கி விற்றுவந்தவர். கார்னகிக்கு இதில் இரட்டை ஆதாயம்: பாதைக்குப் பெட்டியும் கிடைத்தது, ஆலைக்குத் தகடு விற்கும் புதிய சந்தையும் கிடைத்தது.

ஆதாயத்தைக் கணக்காகவே பார்ப்போம். 1500 டன் கரியைக் கொண்டுபோக வேண்டும். 30 டன் ஏற்றும் மரப்பெட்டி என்றால் 50 பெட்டிகள். பெட்டியின் எடை 15 டன் என்று வைத்துக்கொண்டால் வெற்றெடை மட்டும் 750 டன். 50 டன் ஏற்றும் எஃகுப் பெட்டி என்றால் 30 பெட்டிகள் போதும். வெற்றெடை 510 டன். ஒரே பயணத்தில் 240 டன் இழுவை மிச்சம். காலியாகத் திரும்பினாலும் அதே மிச்சம் இன்னொரு முறை. கணித ஆசிரியர்கள் விரும்பினால் வகுப்பில் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இனி வடிவத்துக்கு வருவோம். இதற்கு ஒரு தாளும் இரண்டு நூல்களும் போதும். நூல்களைச் சற்றே இடைவெளிவிட்டு வைத்து அவற்றின்மேல் தாளைப் பாலமாக இடுங்கள். தாள் தொய்ந்து விழும். இப்போது தாளின் இரு நீள ஓரங்களையும் இரண்டு செண்டிமீட்டர் அளவு செங்குத்தாக மடித்து நிமிர்த்துங்கள். அதே தாள் நிற்கும், பென்சில்களையும் தாங்கும். பொருள் கூடவில்லை, உயரம் கூடியது. அளவுகோலைப் படுக்கையாகப் பிடித்தால் எளிதில் வளைவதும், நிமிர்த்திப் பிடித்தால் வளையாததும் இதே காரணத்தால்தான்.

மரப்பெட்டியின் உத்திரம் ஓர் அடி உயரம் இருக்கலாம். பெட்டியின் பக்கச்சுவரோ ஏறத்தாழ ஓர் ஆள் உயரம். அச்சுவரையே உத்திரமாக்கிவிட்டால்? கால் அங்குலத் தகடு, ஆனால் ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது. பாலம் கட்டுவோர் இதைத் தகட்டு உத்திரம் என்பார்கள்; அவர்களுக்கு இது பழகிய வேலை. வேலியாக நின்ற சுவர் இப்போது தன்னுள் இருக்கும் கரியைத் தானே தூக்கிக்கொண்டது. அடியிலிருந்த கம்பிகளுக்கும் திருகு முடுக்கிகளுக்கும் வேலை போயிற்று. இம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்துவிடவில்லை. முதற் பெட்டிகளில் அடிச்சட்டகமும் கனமாகவே இருந்தது; சுவரை முழுமையாக நம்புவதற்குப் பொறியாளர்களுக்குச் சில ஆண்டுகள் தேவைப்பட்டன.

தாளுக்குத் திரும்புவோம். பென்சில்களைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் நிமிர்ந்த ஓரத்தின் மேல் விளிம்பு வெளிப்பக்கமாக நெளிந்து, எல்லாம் சரியும். மாணவர்கள் இதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். உத்திரம் வளையும்போது கீழ்விளிம்பு இழுபடுகிறது, மேல்விளிம்பு நெருக்குண்கிறது. மெல்லிய தகடு இழுப்பைப் பொறுக்கும். நெருக்கத்தைப் பொறுக்காமல் நெளிந்துவிடும். எனவேதான் எஃகுப் பெட்டியின் மேல்விளிம்பு நெடுகவும் 'எல்' வடிவச் சட்டம் ஒன்றைத் தறையாணிகளால் பிணைத்தார்கள். சுவரின் வெளிப்புறத்தில் குறிப்பிட்ட இடைவெளியில் நிற்கும் செங்குத்து விலாக்கள் இரண்டு வேலை செய்தன: தகடு நெளியாமல் காத்தன, உள்ளிருந்து கரி தள்ளும்போது சுவர் புடைக்காமலும் காத்தன. எதிரெதிர்ச் சுவர்களைப் பெட்டிக்குள்ளேயே குறுக்குச் சட்டங்களால் கட்டினார்கள். வினான்ஸ் வட்டத்தால் பெற்ற பயனை இவர்கள் விலாவாலும் குறுக்குச் சட்டத்தாலும் பெற்றார்கள்.

ஒரு வேலையைச் சுவரிடம் ஒப்படைக்க முடியவில்லை. பெட்டிகளுக்கிடையே நிகழும் இழுப்பும் இடிப்பும் இணைப்பியின் வழியே, பெட்டியின் நட்டநடுவே வருகின்றன. அதற்கு முனையிலிருந்து முனைவரை ஒரு முதுகெலும்பு வேண்டும். அதுவே நடு உத்திரம். ஆனால் கரி கொட்ட வேண்டிய வாயும் நடுவில்தானே இருக்கிறது? முதுகெலும்பை வெட்ட முடியாது. ஆகவே அதை அப்படியே பெட்டியின் வயிற்றுக்குள் ஓடவிட்டு, கரி அதன்மேல் தங்கிவிடாமல் வழுக்கி விழ கூரை போன்ற ஒரு தகட்டு மூடியை இட்டார்கள். கதவுகளை அதன் இரு புறமும் பிரித்து வைத்தார்கள். முனைகளில் சரிந்து இறங்கும் தரைக்குக் கீழே சக்கரத் தொகுதிக்குமேல் முக்கோணமாக ஓர் இடம் மிஞ்சும். தடைக்கருவியின் உருளையை அங்கே பொருத்தினார்கள். ஓர் அங்குலமும் வீணில்லை. சரிவைக் கூட்டினால் கரி நன்றாக வழுக்கும், ஆனால் பெட்டியின் கொள்ளளவு குறையும்; சரிவைக் குறைத்தால் கொள்ளளவு கூடும், ஆனால் தொழிலாளி கோலால் குத்தித் தள்ள வேண்டும். பழைய பெட்டிகளில் சரிவு குறைவாகவே இருந்தது. குளிர்காலத்தில் ஈரக்கரி பாறையாக உறைந்துவிடும்போது, சம்மட்டியால் அடித்து அடித்தே பக்கத் தகடுகள் குழிந்து போயின.

எப்படிச் செய்வது என்பதில் இரு கட்சிகள் இருந்தன. ஷோயன் கட்சி, பழுக்கக் காய்ச்சிய தகட்டை நீரழுத்த இயந்திரத்தில் அச்சுகளுக்கிடையே வைத்து அழுத்தி உருவாக்கும். நடுவில் ஆழமாகவும் முனைகளில் ஒடுங்கியும் மீன் வயிற்றைப் போன்ற உத்திரங்களை அப்படிச் செய்ய முடிந்தது. எங்கே வலிமை வேண்டுமோ அங்கே மட்டும் உலோகம். ஆனால் அச்சுகளுக்குப் பெருஞ்செலவு. பழுதானால் அதே நிறுவனத்திடம்தான் உறுப்பு வாங்க வேண்டும். எதிர்க்கட்சி, எந்த ஆலையிலும் கிடைக்கும் உருட்டிய சட்டங்களை வெட்டி, துளையிட்டு, தறையாணி அடித்தால் போதும் என்றது. 1899-இல் ஷோயனின் நிறுவனமும், இங்கிலாந்தின் சாம்சன் ஃபாக்ஸ் பெயரில் இயங்கிய நிறுவனமும் இணைந்து 'பிரெஸ்டு ஸ்டீல் கார்' நிறுவனமாயின. 1902-இல் அங்கிருந்து வெளியேறிய பொறியாளர் ஜான் ஹான்சன், பட்லர் என்னும் ஊரில் 'ஸ்டாண்டர்டு ஸ்டீல் கார்' நிறுவனத்தைத் தோற்றுவித்தார். கடைசியில் இரு கட்சியும் பாதிப் பாதி வென்றன என்பது என் கணிப்பு. நீண்ட உத்திரங்கள் உருட்டிய சட்டங்களாயின. விலாக்கள், முட்டுகள் போன்ற சிற்றுறுப்புகள் அழுத்தி உருவாக்கியவையாகவே தொடர்ந்தன.

இந்த இடத்தில் பொறியியல் நூல்கள் அடுத்த வடிவத்துக்குத் தாவிவிடும். நாம் தாவ வேண்டாம். ஒவ்வொரு பெட்டியிலும் நூற்றுக்கணக்கான தறையாணிகள். ஒவ்வொன்றையும் ஒருவர் உலையில் காய்ச்ச, ஒருவர் துளையில் செருக, ஒருவர் அடிக்க வேண்டும். பிரெஸ்டு ஸ்டீல் நிறுவனத்தின் பெரிய ஆலை பிட்ஸ்பர்க்கை ஒட்டிய மெக்கீஸ் ராக்ஸில், ஒஹாயோ ஆற்றங்கரையில் இருந்தது. அங்கே உழைத்தவர்களில் பெரும்பாலோர் கிழக்கு, தெற்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். பதினாறு இனத்தவர் என்பார்கள். ஆலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'கசாப்புக் கொட்டில்'. கூலியைத் தனியாளுக்குக் கணக்கிடாமல் குழுவுக்கு மொத்தமாகக் கணக்கிட்டார்கள். கூலிநாளில் கையில் எவ்வளவு வரும், ஏன் குறைந்தது என்று எவருக்கும் தெரியாது. வேலை கிடைக்கவும் நிலைக்கவும் மேலாளுக்குக் கையூட்டு வேறு.

1909 ஜூலையில் ஐயாயிரம் பேரளவில் வேலையை நிறுத்தினார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாது. இவர்களால் ஒன்றுசேர முடியாது என்றே நிர்வாகம் எண்ணியிருக்க வேண்டும். கூட்டங்களில் பல மொழிகளில் மாறி மாறிப் பேசினார்கள். கருங்காலிகளை ஏற்றிக்கொண்டு ஆற்றுவழி வந்த நீராவிப் படகைக் கரையிலிருந்தே விரட்டினார்கள். ஆகஸ்டு 22, ஞாயிற்றுக்கிழமை, காவலர்களோடு நேர்ந்த மோதலில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. அப்போராட்டத்தில் மொத்தம் பன்னிருவருக்குக் குறையாமல் மாண்டனர். செப்டம்பரில் வேலைநிறுத்தம் முடிந்தது. கார்னகி, ஷோயன் பெயர்களை நான் எழுதிவிட்டேன். தறையாணி அடித்தவர்களில் ஒருவர் பெயரைக்கூட எழுதவில்லை என்பதைப் படிப்பவர் கவனித்திருப்பீர்கள். இத்துறையின் வரலாறுகள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

எஃகுக்கு வேறொரு பகை இருந்தது. கரியில் கந்தகம் உண்டு. ஈரம் பட்டால் அது அமிலமாகித் தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். வண்ணம் பூசினாலும் பயனில்லை. ஒவ்வொரு முறை கொட்டும்போதும் கரி அதைச் சுரண்டிவிடும். மரக் கட்சியினர் எள்ளி நகையாடியது இதைத்தான். மரப்பெட்டியை எந்தத் தச்சரும் பழுது பார்ப்பார். எஃகுக்கு உலை வேண்டும், அழுத்தி வேண்டும். 1910-களில், எஃகில் 0.2 விழுக்காட்டளவு செம்பு சேர்த்தால் துரு மெதுவாகவே பிடிக்கும் என்பது உறுதியானது. அந்த வழியில் சென்று 1933-இல் யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் நிறுவனம் 'கோர்-டென்' என்னும் எஃகை வெளியிட்டது. அதன் முதற் பயன்பாடு கரிப்பெட்டிகளில்தான். துருவே தோலாகப் படிந்து உள்ளிருப்பதைக் காக்கும் எஃகு அது. இன்று செந்துரு நிறத்தில் நிற்கும் நாகரிகக் கட்டடங்களைப் பார்த்து வியக்கிறோம். அவற்றுக்கு முன்னோடியாக 1964-இல் மோலீனில் திறக்கப்பட்ட ஜான் டியர் தலைமையகத்துக்குச் சாரினென் தேர்ந்தெடுத்தது, கரிப்பெட்டிக்கென வந்த அந்த எஃகைத்தான்.

சுவரே உத்திரம் என்று மேலே சொன்னேன். அதற்குச் சான்று கேட்கும் மாணவருக்கு 1943-ஐக் காட்டலாம். இரண்டாம் உலகப் போரில் எஃகுத் தட்டுப்பாடு வந்தது. கப்பலுக்கும் பீரங்கிக்கும் தகடு தேவைப்பட்டதால், கரிப்பெட்டிகளின் பக்கங்களை மீண்டும் மரப்பலகையால் செய்யச் சொன்னார்கள். தகட்டை எடுத்துவிட்டுப் பலகையை வைத்தால் போதும் என்று விடமுடியவில்லை. படுக்கையாக அடுக்கிய பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவும். அவை சேர்ந்து ஓர் உத்திரமாக நிற்கமாட்டா. ஆகவே விலாக்களுக்கிடையே சாய்வாக எஃகுச் சட்டங்களைப் புதிதாகப் பொருத்த வேண்டியதாயிற்று. அக்காலப் பெட்டிகளின் படங்களைப் பாருங்கள். இரும்புப் பாலத்தின் பக்கவாட்டைப் பார்ப்பது போலவே இருக்கும். மெல்லிய தகடு ஓசையின்றிச் செய்துவந்த வேலை அந்தச் சாய்வுச் சட்டங்களாக வெளியே தெரிந்தது. போர் முடிந்து பலகைகள் உளுத்தபின் அப்பெட்டிகள் பலவற்றில் மீண்டும் எஃகுத் தகடு ஏறியது; சாய்வுச் சட்டங்களைச் சில பாதைக்காரர்கள் கழற்றாமல் அப்படியே விட்டுவிட்டார்கள்.